திரும்பி வரும் நோயை யார் பார்த்துக்கொண்டிருப்பது? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், செயலாளர், இயக்குநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் ஓர் அரிய நோயோடு வாழ்கிற அம்மாவின் மகள் நான். ஊர் தென்காசி பக்கம். நோயின் பெயர் ஆன்கா வாஸ்குலைடிஸ். ஒருமுறை வந்தது, சிகிச்சையில் அடங்கியது, பிறகு திரும்பி வந்தது. முதல் முறை அம்மாவைக் காப்பாற்றியது ஓர் அரசு மருத்துவமனை. அந்த நன்றி எங்கள் குடும்பத்துக்கு என்றைக்கும் உண்டு. இந்த மடல் இரண்டாவது முறையைப் பற்றியது.

உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் ஒருமுறை வந்தவர்களுக்கு அது திரும்புகிறதா என்று மாதாமாதம் பார்ப்பதை, அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேலையாக ஆக்குங்கள். அதற்கு வேண்டியது ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், ரத்தத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் அளவுகளும்தான். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் ஏறும். புதிய கட்டடமோ பெரிய இயந்திரமோ வேண்டாம்.

துறையில் இருக்கும் மருத்துவர்களுக்கு இந்த நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல். இதே பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் யாராவது படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் கிருமிகளோடு போராடுவதற்கென்றே நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. இந்த நோயில் உடல் அந்த வெள்ளணுக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, உண்டாக்குகிறது. அதன் பெயர்தான் ஆன்கா. அதில் பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்று முக்கியமாக இரண்டு வகை. இந்த ஆன்டிபாடி தூண்டிவிட்ட வெள்ளணுக்கள் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகின்றன. அப்படிப்பட்ட நுண்குழாய்கள் நெருக்கமாக இருக்கும் இடங்கள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் நுரையீரலின் காற்றறைகளும். அதனால்தான் சிறுநீரில் ரத்தமும் புரதமும் ஒழுகுகின்றன, நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறது. மூக்கு, காது, கண், தோல், மூட்டு, கால் நரம்பு என்று மற்ற இடங்களையும் அது விடுவதில்லை.

மருந்து இல்லாத காலத்தில் இது எப்படி இருந்தது என்பதற்கு 1958-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி. இந்த வகை நோய்களில் ஒன்று வந்தவர்களில் 100-க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், கொரோனா காலத்தில் உலகமே பெயர் அறிந்த அதே ஆன்டனி ஃபாசியும் அவருடைய சகாக்களும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1983-இல் 85 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது 93 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியதாகச் சொன்னார்கள். மருத்துவ வரலாற்றில் இது பெரிய வெற்றி. ஆனால் அதே நிறுவனம் 1992-இல் 158 நோயாளிகளை நெடுநாள் பின்தொடர்ந்து எழுதியபோது, நோய் அடங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது திரும்பி வந்திருந்தது.

அந்தப் பாதியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். மருந்துகள் மேம்பட்ட பிறகும் நோய் திரும்புவது நிற்கவில்லை. பி.ஆர்.3 வகை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

இந்த நோயோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோய் உண்டு. அதுவும் நுரையீரல், சிறுநீரகம் இரண்டையும் தாக்குவது. 1919-இல் எர்னஸ்ட் குட்பாஸ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 18 வயது இளைஞர் ஒருவரிடம் கண்டு எழுதியதால் குட்பாஸ்சர் என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அது பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிது. வந்தால் அடி மிகப் பலமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரே முறையோடு போய்விடும். அந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆன்காவும் சேர்ந்தே இருக்கிறது. அப்படி இரண்டும் உள்ளவர்களுக்கு நோய் திரும்பக்கூடும். ஆகவே "இது ஒரு தடவைதான் வரும், இனிப் பயமில்லை" என்று சொல்லி அனுப்புவதற்கு முன்னால் எந்த வகை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

சரி, எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா பீடி சுற்றும் தொழிலாளி. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையும் தூளுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பீடி சுற்றுகிற பெண் இருமினால் ஊரில் எல்லோரும் முதலில் நினைப்பது டி.பி. அல்லது ஆஸ்துமா. முதல் முறை அம்மாவுக்குச் சளியில் ரத்தம் வந்தபோது சளிப் பரிசோதனையில் டி.பி. இல்லை என்று தெரிந்தது. அங்கே இருந்த ஓர் இளம் மருத்துவர் சிறுநீரையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்துதான் எல்லாம் பிடிபட்டது. சிறுநீரக பயாப்ஸி செய்தார்கள், ஆன்கா பாசிட்டிவ் என்று வந்தது. ஸ்டீராய்டு ஊசியும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்தார்கள், பிறகு அடங்கிய நோயைப் பிடித்து வைக்க அசாதையோப்ரின் மாத்திரை. கிரியாட்டினின் 0.8-க்கு இறங்கியது. அம்மா மறுபடியும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நோய் திரும்பியபோது ஆரம்பம் மூக்கில். காலையில் எழுந்ததும் மூக்குக்குள் பொருக்கு கட்டியிருக்கும், சிந்தினால் ரத்தம். ஒரு காது மந்தமானது. கை முட்டிகள் வலித்தன. "ஏட்டி, அது திரும்ப வந்துட்டுன்னு நெனைக்கேன்" என்று அம்மாதான் முதலில் சொன்னார். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத அம்மாவுக்குத் தன் உடம்பு தெரிந்திருந்தது. பக்கத்து ஊர் கிளினிக்கில் சைனஸ் என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். நாங்கள் பழைய நோயைச் சொன்னதும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கிரியாட்டினின் 1.2. லேப் தாளில் பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை என்று அச்சாகியிருந்தது. தடித்த எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சிறுநீரை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் என் கோரிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. நல்ல உடற்கட்டுள்ள ஆணுக்கு 1.2 இயல்பாக இருக்கலாம். என் அம்மா 42 கிலோ. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு இருந்த தசையும் கரைந்துபோன உடம்பு. அவருடைய சொந்த அளவு 0.8. அது 1.2 ஆனால் ஒன்றரை மடங்கு. சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு என்று உலகளாவிய வழிகாட்டுதல்கள் சொல்லும் எல்லையே அந்த ஒன்றரை மடங்குதான். ஆனால் லேப் தாள் எல்லோருக்கும் பொதுவான அளவைத்தான் அச்சிடும். அம்மாவின் 0.8 அந்தத் தாளில் இருக்காது. மஞ்சப்பையில் நாங்கள் வைத்திருக்கும் கோப்பின் நடுவில் எங்கோ இருக்கும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் கிடைத்தாலே அதிகம் என்று இருக்கும் மருத்துவர் அந்தக் கோப்பைப் புரட்டி, போன வருடத்து எண்ணைத் தேடி ஒப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்த எண் அவர் கண் முன்னால் இருக்கும்படி ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீர் சொல்லிவிடும் என்பது இன்னும் முக்கியம். சிறுநீரகத்தில் நோய் திரும்பும்போது வலி இருக்காது, எரிச்சல் இருக்காது. பெரும்பாலும் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. கட்டங்காப்பி நிறத்தில் போகிற அளவுக்கு வந்தால் ஏற்கெனவே தாமதம். ஆனால் நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குச்சியைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தால் ரத்தம் இருப்பது தெரிந்துவிடும். புதிதாக எடுத்த சிறுநீரை நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால், சிவப்பணுக்கள் உருக்குலைந்து இருப்பதை வைத்து, அது வடிகட்டியிலிருந்து வருகிற ரத்தம் என்றே சொல்லிவிடுவார்.

இதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் விளைவில் பெரியது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர் பார்க்கும் வழக்கம் எவ்வளவோ காலமாக இருக்கிறது. அதற்குப் பயன்படும் சாதாரணக் குச்சி சர்க்கரையையும் புரதத்தையும் மட்டும்தான் காட்டும். ரத்தத்தைக் காட்டும் கட்டம் அதில் கிடையாது. எங்கள் நோய்க்கு வேண்டியது ரத்தத்தையும் காட்டும் பல கட்டக் குச்சி. அதுவும் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். சிறுநீரக நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரைப் பரிசோதிக்கும் முயற்சியை 2023-இல் நீங்களே தொடங்கினீர்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்ட நல்ல முயற்சி அது. அதற்குள் எங்களைப் போன்றவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது உங்களுக்குக் கடினமாக இருக்காது.

அம்மாவுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களில் இருமலும் மூச்சு வாங்கலும் வந்தன. வேறொரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது, டி.பி. என்று சொல்லி, சளியில் உறுதியாவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கினார்கள். அம்மா வெளுத்துக்கொண்டே வந்தார். நுரையீரலுக்குள் ரத்தம் கசியும்போது எல்லோருக்கும் சளியில் ரத்தம் வந்துவிடாது. சிலருக்கு மூச்சு வாங்கலும் ஹீமோகுளோபின் சரிவும் மட்டுமே அடையாளம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கிரியாட்டினின் 5-ஐத் தாண்டியிருந்தது. ஆக்சிஜனும் டயாலிசிஸும் தேவைப்பட்டன. பிழைத்துக்கொண்டார். டயாலிசிஸிலிருந்தும் வெளியே வந்துவிட்டார். ஆனால் கிரியாட்டினின் 1.9-க்குக் கீழே இறங்கவில்லை. மூக்கில் பொருக்கு கட்டிய அந்த வாரத்தில் சிறுநீரைப் பார்த்திருந்தால் இழந்த சிறுநீரகத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்று இப்போது அம்மாவைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர் சொன்னார்.

டி.பி. என்று சந்தேகப்பட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு டி.பி. வரும் ஆபத்து உண்மையிலேயே அதிகம். காய்ச்சல், எடை குறைவு, ரத்தச் சளி, எக்ஸ்ரேயில் குழி என்று இரண்டு நோயும் ஒரே வேடத்தில் வரும். போதாததற்கு, டி.பி. உள்ளவர்கள் சிலருக்கு ஆன்கா பரிசோதனையும் பாசிட்டிவ் காட்டும். மருத்துவர்களுக்கே சோதனையான இடம். ஆனால் தவறாகத் தொடங்கும் டி.பி. மருந்து நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. அதில் உள்ள ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டை உடல் வேகமாகச் செலவழிக்கும்படி செய்துவிடும். நோயைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்த மாத்திரையின் பலமும் குறைந்துபோகும்.

இதற்கு நான் கேட்பது எளிமையான ஒரு விதி. இருமலில் ரத்தம் வருகிறது, சளிப் பரிசோதனையில் டி.பி. உறுதியாகவில்லை என்றால், அடுத்த மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் அந்த நோயாளியின் சிறுநீரையும் கிரியாட்டினினையும் பார்த்துவிட வேண்டும். இப்படி ஒரு விதியை மாநிலம் முழுக்க நடைமுறைப்படுத்த உங்களால் முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-இல் நீங்கள் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், டி.பி. என்று தெரிந்த ஒவ்வொருவரையும் மெலிவு, மூச்சுத் திணறல், எழுந்து நிற்க முடியாத சோர்வு போன்ற சில எளிய அடையாளங்களை வைத்துத் தரம்பிரித்து, ஆபத்தில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தீர்கள். கிராமத்து ஊழியர்களே செய்யக்கூடிய சோதனைகள் அவை. அதே ஊழியர்கள், அதே படிவம், அதில் இன்னும் ஒரு வரி.

அடுத்தது அட்டை. தாய் சேய் நல அட்டை நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். அந்த மாதிரி ஓர் அட்டை இந்த நோயாளிகளுக்கு வேண்டும். தமிழில் வேண்டும். நோயின் பெயர், பி.ஆர்.3-ஆ எம்.பி.ஓ.வா என்ற விவரம், அடங்கிய நிலையில் அவருடைய கிரியாட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீர் நிலவரம், இதுவரை போட்ட சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவு, நோயை அடக்கி வைக்கும் ரிடக்ஸிமாப் ஊசியைக் கடைசியாகப் போட்ட தேதி, இவை எல்லாம் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவை ஏன் கேட்கிறேன் என்றால், அது ஏற ஏறச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தும், இளவயதினருக்குக் குழந்தைப்பேறு இல்லாமல் போகும் ஆபத்தும் கூடும். நோய் மூன்று முறை திரும்பிய ஒருவருக்கு மூன்று மருத்துவமனைகளில் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் கூட்டிப் பார்ப்பது யார்?

அட்டையின் பின்பக்கத்தில் ஆபத்து அறிகுறிகள் இருக்கட்டும். மூக்கில் பொருக்கும் ரத்தமும், திடீர்க் காது மந்தம், கண் சிவப்பு, தோலில் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், பாதம் தொங்கிப்போதல், இருமலில் ரத்தம், காரணமில்லாத மூச்சு வாங்கல், சிறுநீரில் நுரை அல்லது நிறமாற்றம். இதில் எது வந்தாலும் அன்றே சிறுநீர் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. கிரியாட்டினின் தன் சொந்த அளவிலிருந்து ஒன்றரை மடங்கு ஆனால், லேப் தாள் என்ன சொன்னாலும், அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேச வேண்டும் என்று இன்னொரு வரி.

நோயின் பெயரை எப்போதும் எழுதி வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிறகு பலருடைய சீட்டில் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மட்டும் எழுதுகிறார்கள். எதனால் வந்த சிறுநீரக நோய் என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. டயாலிசிஸ் நிலையத்தில் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் சர்க்கரை நோயாளியும் இவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்கும் இந்த நோய் நுரையீரலில் திரும்பி வரலாம். அப்போது மூச்சுத் திணறலைப் பார்த்து, உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று மட்டும் நினைத்துவிட்டால் நாள் தள்ளிப்போகும்.

மருந்தைப் பற்றி. நோய் திரும்பியவர்களுக்கு ரிடக்ஸிமாப் நன்றாக வேலை செய்கிறது என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நோய் திரும்பி வந்தவர்களில் ரிடக்ஸிமாப் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நோய் அடங்கியது, சைக்ளோபாஸ்பமைடு பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கு அடங்கியது. அடங்கிய நோயைப் பிடித்து வைப்பதற்கும் அதுதான் சிறந்தது. 2014-இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு 28 மாதம் பார்த்தது. அசாதையோப்ரின் சாப்பிட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் ரிடக்ஸிமாப் போட்டுக்கொண்டவர்களில் 5 சதவீதம்தான். இந்த மருந்தின் முதல் மாற்றுத் தயாரிப்பை 2007-லேயே சந்தைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத் நிறுவனமான டாக்டர் ரெட்டீஸ். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய மருந்து இல்லை இது.

ஆனாலும் பீடி சுற்றும் குடும்பம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைக்காசு கொடுத்து வாங்கக்கூடிய மருந்தும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் இருக்கிறது. இந்த நோயைத் திரும்ப விடாமல் வைத்திருக்கும் ஊசிக்கு, மருத்துவர் எழுதிய முழுக் காலத்துக்கும் ஒரே அனுமதியைத் தரும்படி ஒரு தொகுப்பு ஏற்படுத்துங்கள். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் சிகிச்சையாக அது இருக்கட்டும். மருந்துக்கு அனுமதி வாங்குவதற்காக ஒரு நோயாளி கட்டிலில் காத்திருக்கும் நிலை வேண்டாம். ஆறு மாதம் என்பது எட்டு மாதம் ஆனால் அந்த இடைவெளியில் நோய் நுழைந்துவிடும். நோய் முற்றித் திரும்பினால் தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், பிறகு வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் என்று அரசுக்குத்தான் அதைவிடப் பல மடங்கு செலவு.

இந்த மருந்துகளோடு வரும் ஆபத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. ஐரோப்பிய ஆய்வுகளைப் பார்த்தால் முதல் ஆண்டில் இந்த நோயாளிகளின் உயிரை நோயைவிடத் தொற்றுதான் அதிகம் பறித்திருக்கிறது. ரிடக்ஸிமாப் போடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். நிமோனியா, இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிகளை முடிந்தவரை ஊசிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். நுரையீரலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சைத் தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மிக மலிவான மாத்திரை, ஆனால் கடையிலோ மருந்தகத்திலோ தீர்ந்துவிட்டால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடும் மாத்திரையும் அதுதான். பெரியவர்களுக்கான தடுப்பூசியும் இந்த மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவர்களுக்கென்று இருப்பு வைக்கப்பட வேண்டும். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் பொறுத்திருக்கும் வசதி இவர்களுக்கு இல்லை.

மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், இதற்கு ஒரு திட்டமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். ஐரோப்பாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 20 பேருக்கு இந்த நோய் புதிதாக வருவதாகக் கணக்கு. அதில் பாதி என்று வைத்தாலும் 7 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நம் மாநிலத்தில் ஆண்டுக்குச் சில நூறு குடும்பங்கள். ஒரு மாவட்டத்துக்குப் பிரித்தால் கைக்கு அடங்கும் எண்ணிக்கைதான். எண்ணிக்கை குறைவு என்பதையே நான் உங்களுக்கு வசதியாகப் பார்க்கிறேன். மாவட்டத்தில் உள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்க ஒரு செவிலியர் போதும். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கை பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஐம்பது வயதில் வந்து, அடங்கி, திரும்பி வரும் எங்கள் நோய்க்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது. மாநிலம் தன் கையாலேயே ஒரு பதிவேடு தொடங்கலாம். மருத்துவக் கல்லூரிகளின் சிறுநீரகம், நுரையீரல், மூட்டுநோய்ப் பிரிவுகளில் ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களின் பெயர்களைச் சேர்த்தாலே முதல் பட்டியல் வந்துவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வரும் என்பதைப் பலர் நம்பவில்லை. இன்று எங்கள் தெருவுக்கு அந்த அக்கா வருகிறார். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்தத் திரவப் பையையும் இதே திட்டத்தில் வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள். எங்கள் வீட்டுப் படியேறி என் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் அதே அக்காவின் பையில் பல கட்டக் குச்சி ஒரு டப்பா இருந்தால் போதும். குச்சியை நனைத்து, நிறம் பார்த்து, அட்டையில் எழுதி, மாறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சொல்வது அவரால் முடியாத வேலை இல்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆன்கா பரிசோதனை முடிவு விரைவாகக் கிடைக்க வேண்டும். மாதிரியை வெளியூர் அனுப்பி, முடிவுக்காக ஒரு வாரம் காத்திருந்தால் அந்த வாரத்தில் சிறுநீரகம் போய்விடும். எல்லாக் கல்லூரியிலும் இயலாவிட்டால், மண்டலத்துக்கு ஒரு கல்லூரியில் அன்றன்று பார்க்கும் வசதியைச் செய்து, மற்ற கல்லூரிகள் அங்கே அனுப்பலாம். அப்புறம், நோயாளி ஒருவரே சிறுநீரகத்துக்கு ஒரு நாள், நுரையீரலுக்கு ஒரு நாள், காது மூக்கு தொண்டைக்கு ஒரு நாள் என்று கூலியை விட்டுவிட்டு அலைகிறார். மாதத்தில் ஒரு நாள் மூன்று பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து பார்க்கும் ஒரு கிளினிக் வைத்தால் அலைச்சலும் குறையும், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்கும் தெரியும்.

இவ்வளவும் ஒரே நாளில் நடக்காது என்பது தெரியும். காப்பீட்டுத் தொகுப்புக்குக் குழு கூட வேண்டும், பதிவேட்டுக்கு மென்பொருள் வேண்டும், நிதித் துறை ஒப்புதல் வேண்டும். ஆனால் இரண்டு காரியங்களுக்கு ஒரு சுற்றறிக்கையே போதும். ஒன்று, வாஸ்குலைடிஸ் என்று டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவரின் சீட்டிலும் அவருடைய சொந்த கிரியாட்டினின் அளவை முதல் வரியிலேயே தமிழில் எழுதி, அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நகல் அனுப்புவது. இரண்டு, அந்த நிலையத்தில் ரத்தம் காட்டும் சிறுநீர்க் குச்சி இருப்பில் இருப்பதை உறுதி செய்வது. தென்காசியிலோ திருநெல்வேலியிலோ ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பாருங்கள். எங்கள் பகுதியில் இந்த நோயோடு இருக்கும் சில குடும்பங்கள் ஒருவரையொருவர் மருத்துவமனை வராந்தாவிலேயே அறிந்துகொண்டோம். அட்டையில் என்ன இருக்க வேண்டும், எந்தச் சொல் எங்களுக்குப் புரியும், எது புரியாது என்று சொல்ல நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரத் தயார். அந்தச் சுற்றறிக்கை எப்போது வரும் என்பதற்கு மட்டும் ஒரு பதில் தாருங்கள்.

நன்றியுடன்,
ஒரு வாஸ்குலைடிஸ் நோயாளியின் மகள்,
தென்காசி மாவட்டம்.